கல்லவ்வாவின் காட்சி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன். ஊர்மிளா இனாம்தார், வயது ஐம்பத்திரண்டு, நாடக இயக்குநர், தார்வாட். வாக்குமூலத்தில் எழுதிக்கொண்டீர்களா?

சிறையில் பெண்களைக் கதை சொல்லவைத்து நாடகம் போடுவதை லேசான வேலை என்று நினைக்கிறீர்கள். பதினெட்டுப் பேர், பதினெட்டுப் பேருக்கும் ஒரே கதை. புருஷன் குடிகாரன், மாமியார் பொல்லாதவள், தான் ஒரு பாவமும் அறியாதவள். கூடவே அழுகை. அழுகை நாடகமாகாது என்று புரியவைக்கவே எனக்கு இரண்டு மாதம் போயிற்று.

கல்லவ்வா மட்டும் அழமாட்டாள். புருஷனைக் குழவிக்கல்லால் அடித்துக் கொன்றதற்கு ஆயுள் தண்டனை; ஆறு வருடம் கழித்திருந்தாள். வட்டமாக உட்கார்ந்து கதை சொல்லும்போது, தன் முறை வந்தால் சோள ரொட்டி தட்டும் விதத்தைச் சொல்லி முடித்துக்கொள்வாள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

வட்டத்தில் சொன்னது வெளியே போகாது என்பது நான் வைத்த விதி. அதை நம்பி ஒரு மத்தியானம் வாயைத் திறந்தாள்.

"கல்லைத் தூக்கினது நான் இல்லக்கா. என் மக சுவர்ணா. அப்ப அவளுக்குப் பத்தொன்பது வயசு. அந்த ஆளு அவளைப் பெத்தவன் இல்ல, அவ மேல கை வெச்சான். நான் தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கல்லை நான் வாங்கிக்கிட்டேன்."

பக்கத்தில் இருந்த துர்கவ்வா என்ற கைதி, "இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையாடி?" என்றாள்.

"சொல்லுவேனா? அவளுக்கு இப்ப கல்யாணமாகி, இடுப்புல ஒரு பிள்ளை இருக்கு."

'கல்லை நான் வாங்கிக்கிட்டேன்.' ரொட்டி தட்டும் அதே குரலில் சொன்னாள். முப்பது வருடம் நாடகம் எழுதியும் எனக்கு இப்படி ஒரு வசனம் வாய்த்ததில்லை. அன்று மாலையே காட்சியை எழுதிவிட்டேன்.

படித்துக் காட்டியதும் கல்லவ்வா என் காலைப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடுங்கக்கா."

"பேர் எதுவும் வராது. கற்பனைன்னு போட்டுடறேன்."

"குழவிக்கல் வருதேக்கா."

"அது எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு."

நடிக்க மாட்டேன் என்றாள். வேடத்தைத் துர்கவ்வாவுக்குக் கொடுத்தேன். அவளும் முறைத்தாள். அவளுடைய பரோல் மனுவோடு என் கடிதமும் போகவேண்டும் என்பதை நினைவுபடுத்தினேன். பிறகு நன்றாகவே நடித்தாள்.

நாடகம் போலீஸ் காவலோடு ஊர்க் கலையரங்கில் நடந்தது. கல்லவ்வாவைத் துணி எடுத்துக்கொடுக்கும் வேலைக்கு மேடைப் பக்கவாட்டில் நிறுத்தியிருந்தேன். முன் வரிசையில் நீதிபதி, போலீஸ் அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள். நீதிபதிக்கு இரண்டு நாற்காலி தள்ளி சுவர்ணா. அவள் ஊருக்குக் கார் அனுப்பியது நான்தான். 'உன் அம்மாவின் கதையைப் பார்க்க வா' என்று எழுதியிருந்தேன். அந்த அசடு, அம்மா நடிக்கப்போகிறாள் என்று இளகல் புடவை கட்டி, டப்பாவில் வேர்க்கடலைப் போளி கொண்டுவந்திருந்தது.

மேடையில் துர்கவ்வா, மகளாக நடித்தவள் கையிலிருந்து கல்லை வாங்கினாள். சுவர்ணா குழந்தையோடு எழுந்து நின்று, பக்கவாட்டில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

"அவ்வா, சொல்லிட்டியா? பிள்ளை மேல சத்தியம் பண்ணினியே அவ்வா."

கல்லவ்வா மேடையிலிருந்து குதித்து ஓடி, மகளின் வாயைப் பொத்தினாள். "வாயை மூடுடி. இது நாடகம்டி, வெறும் நாடகம்டி."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இதையும் நான் எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். போலீஸ் அதிகாரிகள் மட்டும் தட்டவில்லை.

என்ன நடக்கும் என்று தெரிந்துதான் அழைத்தேனா என்று கேட்கிறீர்கள். தெரிந்துதான். எத்தனை மாதம் பயிற்சி கொடுத்தாலும் எந்த நடிகைக்கும் வராத முகம் அந்தப் பெண்ணுக்கு வரும் என்று தெரியும். வந்தது. பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள்.

சுவர்ணா ரிமாண்டில் இருக்கிறாள். அவளுடைய குழந்தையைப் புருஷன் வீட்டார் ஏதோ விடுதியில் விட்டுவிட்டார்களாம். கல்லவ்வாவையும் வெளியே விடவில்லை, பொய் சொன்னதற்குத் தனி வழக்கு. என் மேல் புகார் எழுதியவள் துர்கவ்வா. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

அன்றிலிருந்து கல்லவ்வா ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்கிறீர்கள். பயிற்சி விட்டுப்போனால் அப்படித்தான் ஆகும். என்னை மறுபடி சிறைக்குள் அனுமதியுங்கள், ஒரே மாதத்தில் பேசவைத்துவிடுகிறேன்.