ரிப்பேருக்கு வந்த படகு

இல்லல்ல, அங்க வேணாம் தம்பி, இந்த மரத்தாங்கி மேல வெச்சுடுங்க. படகு மூக்கு செவுத்தப் பாக்கணும். ஆங், அப்படித்தான். உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். படகு செய்யிற வீட்டுல ஒரு ஸ்டூல் ஒழுங்கா நிக்க மாட்டேங்குதுன்னு எம்பொண்டாட்டி வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லிச் சிரிப்பா. உள்ள தடதடன்னு கேக்குதே, அவதான். சீட்டுக்கு மெத்தை தைக்கிறா. மிஷின் ஓடுற வரைக்கும் நாம என்ன பேசுனாலும் அவளுக்குக் கேக்காது.

என்ன? சொல்லலாம் தம்பி, சொல்லலாம். நீங்க பாலத்து வேலையில இருக்கீங்க, இது தூணுல முட்டிக்கிட்டு நின்னுச்சு, உள்ள எங்க கடை நம்பர் இருந்துச்சு, வண்டியில போட்டுக் கொண்டாந்துட்டீங்க. இப்போதைக்கு அது போதும். மிச்சத்த மெதுவா சொல்லுங்க. மொதல்ல தண்ணி குடிங்க.

அந்த நம்பர் போடுறது அவ யோசனை. வாங்கிட்டுப் போறவங்க கரையில கட்டத் தெரியாம கட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. படகு அது பாட்டுக்குக் கெளம்பிடும். அப்புறம் எங்க போய்த் தேடுறது? அதான் பைபர் ஊத்தும்போதே நம்பர உள்ள வெச்சு ஊத்திடுங்கன்னா. தண்ணியில அழியாது, சொரண்டுனாலும் போகாது. அதுக்கப்புறம் உங்கள மாதிரி எத்தன பேரு கொண்டாந்து விட்டிருக்காங்க தெரியுமா? இது ஒண்ணும் எங்களுக்குப் புதுசில்ல.

கயிறா? பார்த்தேன். சுருட்டின மேனிக்கு உள்ளயே இருக்கு. அவுந்து போன கயிறு இல்ல. பார்த்தேன் தம்பி, விடுங்க.

நாங்க மொதல்ல தண்ணித் தொட்டி செஞ்சுட்டிருந்தோம். மாடியில வெப்பாங்களே, பைபர் தொட்டி, அது. ஒரு தடவ பெருவெள்ளம் வந்து தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணி. வாசல்ல வெச்சிருந்த தொட்டி ஒண்ணு மெதந்து போகுது, அதுக்குள்ள எங்க பக்கத்துக் கடை டெய்லர் உக்காந்திருக்காரு! நல்லா வாட்டசாட்டமான ஆளு. மடியில தையல் மிஷின் தலைய மட்டும் கொழந்த மாதிரி கட்டிப் பிடிச்சுக்கிட்டு, ஐயா உங்க தொட்டி நல்லா மெதக்குதுன்னு கத்திக்கிட்டே போறாரு. ஊரே சிரிச்சுச்சு. எனக்குத்தான் மண்டையில ஒரு பூச்சி பூந்துடுச்சு. இவளக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏங்க, தண்ணிய உள்ள நிறுத்துறதுதான நம்ம பொழப்பு, இப்ப வெளிய நிறுத்துறேங்கிறீங்களேன்னா. அப்புறம் அவளே டெய்லர்கிட்டப் பேசி அந்த மிஷின வாங்கிப் போட்டா. இப்ப உள்ள ஓடுறது அதுதான்.

மொத படகு செஞ்ச கூத்தக் கேளுங்க. தொட்டின்னா உள்பக்கம் வழவழன்னு இருக்கணும், பாசி பிடிக்கக் கூடாதுல்ல. வெளிப்பக்கம் எப்படியிருந்தா யாருக்கு என்ன? கை பழகுன பழக்கம், படகையும் அப்படியே ஊத்திட்டேன். உள்ள மொகம் பாக்கலாம், வெளிய உப்புத்தாளு. ஆத்துல விட்டா நகரவே மாட்டேங்குது. துடுப்புப் போட்டுப் போட்டு எந்தோளு கழண்டதுதான் மிச்சம். கரையில நின்னவன் ஒருத்தன், அண்ணே அதத் திருப்பிப் போட்டு வெளிய உக்காந்து ஓட்டுங்கன்னான். அச்ச மாத்தி, உள்ளத வெளியாக்கி, ஒரு வழியா வந்துச்சு. சும்மா வரல, அவ கழுத்துல கெடந்ததெல்லாம் கரைஞ்சுதான் வந்துச்சு.

போர்டு எழுத வந்தவன் வேற. கயாக் கிடைக்கும்னு எழுதுப்பான்னா, காய் கிடைக்கும்னு எழுதிட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்ல, ஒத்த ஆளு கால நீட்டி உக்காந்து துடுப்புப் போடுற படகுக்குக் கயாக்குன்னு பேருன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு அம்மா பையத் தூக்கிக்கிட்டு வந்து கத்திரிக்கா இருக்கான்னு கேட்டாங்க. எங்க பையன் அசரல. காய் இல்லம்மா, தோல்தான் இருக்கு, உள்ள உக்காந்து பாக்குறீங்களான்னு கேட்டுட்டான். அவன் வாயி அப்படி.

ஆமா, ஒரே பையன்தான்.

அளவெடுக்கிறதுதான் எங்க கடையோட விசேஷம். மத்த எடத்துல நீங்க படகுக்குத் தக்க உக்காரணும், இங்க படகு உங்களுக்குத் தக்க உக்காரும். அந்தச் செவுத்துல முதுகச் சாய்ச்சு, கால நீட்டி உக்காரணும். குதிகாலு எங்க வருதோ அங்க சாக்பீஸ்ல கோடு. அந்தக் கணக்குக்குத்தான் படகுக்கு உள்ள கட்டை வெச்சு ஒட்டுவோம். கால அதுல ஒதச்சாத்தான் துடுப்புக்குப் பலம் வரும். ஒருத்தர் படகு இன்னொருத்தருக்குச் சேராது. அப்புறம் இடுப்பு. அந்த டேப்ப எடுத்தாலே போதும், பெரிய மனுசனெல்லாம் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. படகுல போகும்போது மூச்சு விடமாட்டீங்களா சார்னு எம்பையன் கேப்பான்.

இவனுக்கு அளவெடுத்த அன்னிக்குத்தான் வேடிக்க. வெளிய எல்லாரும் அவனக் கொக்குன்னுதான் கூப்பிடுவாங்க, அவ்வளவு காலு. கோடு போடப் போனா குதிகாலு வாசப்படியத் தாண்டிப் போயிடுச்சு! கட்டைய மூக்குக்கிட்ட கொண்டு போய் ஒட்டினேன். என் கையி எட்டல, குச்சியில கட்டித்தான் ஒட்டினேன். அந்த மாதிரி இன்னொரு படகு இந்தக் கடையிலயிருந்து போனதில்ல.

இல்ல தம்பி, அழல. இந்தப் பைபர் தூசி கண்ணுக்கு ஆகாது.

முழுகுமான்னு நீங்க கேக்கவே இல்லயே? எல்லாரும் கேப்பாங்க. முழுகாது. முன்னாடி ஒரு அறை, பின்னாடி ஒரு அறை, ரெண்டுலயும் காத்த அடைச்சு மூடிடுவோம். கவுந்தாலும் மெதக்கும், நடுவுல தண்ணி ரொம்புனாலும் மெதக்கும். ஆறு எங்க கொண்டு போனாலும் படகு திரும்பி வரும், அதுக்கு நான் உத்தரவாதம்னு சொல்லிச் சொல்லித்தான் வித்தேன். வாய் கூசாம சொன்னேன். படகுக்கு மட்டும் உத்தரவாதம் குடுத்திருக்கேன் பாருங்க, உக்காந்து போறவனுக்கு என்னன்னு ஒருத்தனும் கேக்கல. நானும் கேட்டுக்கல.

வர்றேன். உங்க கூட வர்றேன் தம்பி. வந்து என்ன பண்ணப் போறேன்னுதான் தெரியல, எனக்கு நீச்சல் தெரியாது. சிரிக்காதீங்க. தொட்டிக்காரன்தான நான். உங்க ஆளுங்க தூணுக்கு ரெண்டு பக்கமும் தேடுறாங்கன்னு சொல்ல வந்தீங்க, அதான? எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க வண்டியிலயிருந்து எறக்கும்போதே உள்ள எட்டிப் பார்த்துட்டேன். கட்டை மூக்குக்கிட்ட இருந்துச்சு.

செருப்ப மாட்டிட்டு வந்துடுவேன். அது ஒரு வேலையா? அவகிட்ட என்ன சொல்லிட்டு வர்றதுங்கிறதுதான். அதுக்குத்தான் இவ்வளவு நேரமா வாய ஓட்டிக்கிட்டு இருக்கேன், வேற ஒண்ணுமில்ல. நாப்பது நாளு யோசிச்சாலும் அதுக்கு ஒரு வார்த்த வராது போலிருக்கு. நீங்க ஊருக்குப் புதுசு, உங்களுக்கு ஏதாவது தோணுதா?

தோணாதுதான். பாவம், உங்களப் போய்க் கேக்குறேன்.

இருங்க... மிஷின் நின்னுடுச்சு.

அந்தத் தார்ப்பாய இப்படி இழுங்க தம்பி, சீக்கிரம். சீட்டு தெரியக் கூடாது. படகெல்லாம் ஒரே மஞ்சள்தான், ஆனா இந்த மெத்தை அவனுக்குன்னே அவ தனியா தச்சது, பார்த்தான்னா தெரிஞ்சுடும். ஆங், போதும். நீங்க எந்திரிக்காதீங்க. கேட்டா, ரிப்பேருக்குக் கொண்டாந்தேன்னு சொல்லுங்க. அடியில கீறல் விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க, நம்பிடுவா.

பொய்தான். எனக்குத் தெரியாதா? ஆனா அவன் சாப்பாட்டுக்கு வந்துடுறேம்மான்னு அவகிட்டச் சொல்லிட்டுத்தான் போனான். இப்ப மணி என்ன? பதினொண்ணுதானா? பாருங்க, இன்னும் சாப்பாட்டு நேரமே ஆகல. அதுவரைக்கும் இது ரிப்பேருக்கு வந்த படகுதான் தம்பி.

வாம்மா. ஒண்ணுமில்ல, ஒரு கீறல். தம்பிக்கு டீ போடு.