யோர்க் கோயிலில் முன்வாங்கு

லண்டன் வேண்டாம் தம்பி. லண்டனிலை எனக்கு ஆர் இருக்கினம்? யோர்க்குக்குக் கிட்டவா இறங்கிற பிளேனாப் பாருங்கோ. மன்செஸ்ரரே? சரி, அதையே போடுங்கோ, அங்காலை ரெயின் எடுப்பன். ஆனா நத்தாருக்கு முதல்நாளே போய்ச் சேரவேணும். நத்தாரண்டு கிறிஸ்மஸ் லீவெண்டு அங்கை ரெயின் ஓடாது. எனக்கெப்பிடித் தெரியுமோ? டவுன்டவுனிலை இரவிரவா ஒஃபிஸ் துடைக்கிறவள் நான். காதிலை போனைக் கொழுவினா விடியுமட்டும் அதுதான் பள்ளிக்கூடம். இங்கிலீசும் அப்பிடிப் படிச்சதுதான்.

ஓம், பழைய நகரம்தான். சுத்திவர மதில் இருக்காம், மேலை ஏறி நடக்கலாமாம். ஒடுங்கின தெருவெல்லாம் லைற் கட்டி நத்தார்ச் சந்தை வைப்பினமாம். அதைப் பாக்கவோ நான் இவ்வளவு தூரம் போறன்? மொன்றியலிலை இல்லாத லைற்றே?

ஒராளைப் பாக்கப் போறன். பற்றிக் எண்டு பேர். இல்லையில்லை, அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இந்தக் கதை உங்கடை கடையை விட்டு வெளியாலை போகக்கூடாது, என்ன?

தமிழாக்களின்ரை நத்தார்ப் பூசை அங்கை காலமை. ஹோட்டலிலை இருந்து கோயில் மட்டும் போனிலை கூகிள் மப்பிலை எத்தினை தரம் நடந்திட்டன். முதல் ஆளாப் போய் முதல் வரிசையிலை, முன்வாங்கிலை இருப்பன். நல்ல சிவப்புப் பட்டு. குளிரெண்டாலும் மேல்கோட்டைக் கழட்டிப்போட்டுத்தான் இருப்பன். அவர் மன்றாட்டு வாசிக்க ஏறிறவர். ஏறித் தலையை நிமித்தினா முதல் தெரியிறது என்ரை முகமா இருக்கவேணும். பேந்து வாசிக்கட்டும் பாப்பம், அந்த இனிப்புக் குரலாலை.

சிரிக்காதேங்கோ. கேக்கும் அடிச்சாச்சு. றவை, கஜு, பிளம்ஸ், பிராண்டி, ஒண்டிலையும் குறை வைக்கேல்லை. பூசை முடிய ஹோலிலை தேத்தண்ணி குடுப்பினமெல்லே, நானே வெட்டி ஒவ்வொருத்தருக்கும் நீட்டுவன். ஆர் அக்கா நீங்கள், எங்கையிருந்து வந்தனீங்கள் எண்டு கேக்காமல் எங்கடை சனம் கேக் தின்னுமே? கேக்கட்டும். சொல்லுவன். அவரின்ரை இப்பத்தை மனுசிக்குப் பெரிய துண்டாக் குடுப்பன். அந்தப் பிள்ளை பாவம், அவவோடை எனக்கென்ன கோவம்? அவருக்குத்தான் தொண்டையாலை இறங்கக்கூடாது.

என்ன செய்தவரோ? கலியாணம் முடிச்சவர். ஓம், என்னைத்தான், மன்னாரிலை. முதல் தான் இங்கிலாந்துக்குப் போய்ப் பேந்து கூப்பிடுறன் எண்டு போட்டுப் போனவர். சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து போன் எடுத்தன். றோசலின் கதைக்கிறன் எண்டன். வைச்சிட்டார். பேந்து அந்த நம்பரே வேலைசெய்யேல்லை. விட்டிட்டுப் போனதுக்காக இவ்வளவு வருசம் கழிச்சு ஒருத்தி பிளேன் ஏறுவாளே தம்பி? அதை நான் எப்பவோ விழுங்கியாச்சு.

வேலையிலை நிக்கேக்கை எந்த ஊர்த் தமிழ்ப் பூசை எண்டாலும் போட்டுவிடுவன், துணைக்கு. போன நத்தாருக்கு ஃபேஸ்புக்கிலை யோர்க் பூசை போச்சுது. மேசை துடைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன். மன்றாட்டு வாசிக்க வந்தவர், அவர். சண்டையிலை ஷெல் பட்டு இறந்த தன்ரை முதல் மனைவி றோசலின்ரை ஆத்துமா இளைப்பாறவேணுமாம். குரல் தழுதழுக்குது. கோயில் முழுக்க எழும்பி நிண்டு, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் எண்டு சொல்லுது.

பழக்கம்தானே தம்பி. நானும் சேந்து சொல்லிப்போட்டன்.