மக்செனைக் களமிறக்க மறுத்த ஹவெல் ட்ரெஹார்ன் அவர்களுக்கு அபெர்துலன் ரக்பி கழகத்தார் வாசித்தளித்த மடல்

மழையிலும் மண்ணிலும் புரண்ட மைந்தர்க்கெல்லாம் மைதானத்தில் வழி திறந்தவரே! விசில் ஊதி, வசை பாடி, குரலை எங்கள் திடலுக்கே கொடுத்துத் தீர்த்தவரே! வென்ற நாளில் ஓரமாய் ஒதுங்கி, தோற்ற நாளில் வாசலில் வந்து நிற்கும் தகைமையாளரே! முப்பத்தோராண்டுக் காலம் எங்கள் இளையோர் பிரிவை நடத்தியும், ஒருநாள்கூடக் குடை எடுத்துவராத ஒப்பற்ற பிடிவாதக்காரரே! ஹவெல் ட்ரெஹார்ன் அவர்களே! தங்களுக்கு எங்கள் அன்பு வணக்கம்.

தாங்கள் விடைபெறும் இந்தப் பருவத்தை வெற்றிப் பருவம் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். எழுதினால் இந்த அரங்கமே சிரிக்கும். கொட்டும் மழையில் நடப்புச் சாம்பியன்களைப் புரட்டியெடுத்தோம். ஊரே பாடிக்கொண்டு வீடு போனது. இரண்டே வாரத்தில், பட்டியலின் அடியில் கிடந்த அணி நம் திடலுக்கே வந்து நம்மைத் துவைத்துக் காயப்போட்டது. இடைவேளையிலேயே பாதிப் பேர் சிப்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். வென்றதும் தோற்றதும் சரிபாதியாக முடிந்தது.

காயம் பட்டவர்கள் கட்டிலை நிறைத்தபோதெல்லாம் களத்தை நிறைத்தவர்கள் தங்கள் பிள்ளைகள். இந்த ஆண்டு மட்டும் ஐந்து பேர் முதல் அணிச் சட்டை அணிந்தார்கள். அவர்களில் ஒருவன் முதல் ஆட்டத்திலேயே கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிவிட்டு, பதற்றத்தில் அங்கேயே வாந்தியும் எடுத்தான். தாங்கள் தட்டிக்கொடுத்த அழகு மறக்குமா? "ட்ரை போட்டது சரிடா. அந்த இடத்தைக் கழுவிட்டுப் போ!"

வளர்ந்தவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வாய்ப்பின்றி விடைபெற்றவர்களைப் பற்றி நாங்கள் பேச வேண்டும். கழகத்தில் இனி இடமில்லை என்ற செய்தியைத் தாங்கள் எந்தப் பிள்ளைக்கும் தொலைபேசியில் சொன்னதில்லை. வீடு தேடிப் போவீர்கள், பெற்றோர் முன்னால் உட்கார்ந்து சொல்வீர்கள், கொடுத்ததைச் சாப்பிடுவீர்கள். செய்தி கேட்ட தாய் ஒருத்தி சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்ட தேநீரைக் கொடுத்தாளாம். தவறுதலா, வேண்டுமென்றா என்று கேட்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வந்தீர்கள். இன்னொரு கோப்பை கேட்டதாகவும் ஊரில் பேச்சு உண்டு.

இனி அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறோம். அதை விட்டுவிட்டு இந்த மடலை வாசித்தால் நம் யாருக்கும் சோறு இறங்காது.

வென்றால் எட்டாம் இடம், அடுத்த சுற்று. தோற்றால் வீடு. எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலை கோத்துத் தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில், முன்வரிசையின் வலப்பக்கத்துக்கென இருந்த மாற்று ஆட்டக்காரருக்கு வியாழக்கிழமை கெண்டைக்கால் தசை கிழிந்தது. மிச்சம் இருந்தவன் பதினெட்டு வயது மக்சென். அதுவரை பின்வரிசையில் ஆடியவன். சந்தைக்கு வளர்த்த காளை போல் திடுமென்று பருத்துவிட்டான் என்று சனவரியில்தான் முன்வரிசைக்கு மாற்றியிருந்தோம். இளம்பிள்ளை முன்வரிசைக்குத் தயார் என்று தாங்கள் சொன்னால்தான் அவன் பெயர் ஏறும் என்பது நம் கழகத்தின் வழக்கம். தலைமைப் பயிற்சியாளர் பிரின்மோர் தங்களிடம் வந்து மன்றாடியதை நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"உடம்பைப் பாருய்யா, மலை மாதிரி இருக்கான். இருபது நிமிஷம் தாங்க மாட்டானா?"

"உடம்பு இருக்கு. கழுத்து இன்னும் பழகலே. எதிர்ல நிக்கிறவன் பத்து வருஷமா இதே வேலையா இருக்கான். ஸ்க்ரம் சரிஞ்சா இவன் தலைமேலதான் மொத்தமும் விழும்."

"ஊரே காத்துக்கிட்டிருக்கு, ஹவெல்."

"காத்திருக்கட்டும். ஊருக்குக் கழுத்து ஒடியாது."

ஆட்டத்துக்கான பட்டியலில் ஓர் ஆள் குறைவாகவே பெயர்கள் போயின. சனிக்கிழமை நாம் முன்னிலையில் இருந்தபோது, நம் வலப்பக்கத்துக்காரருக்குத் தோள்மூட்டு நழுவியது. முன்வரிசைக்குப் பழகிய மாற்று ஆள் இல்லையென்றால், விதிப்படி ஸ்க்ரம்மில் இரு தரப்பும் தள்ளாமல் சும்மா நிற்க வேண்டும். நம் தரப்பில் ஒருவர் குறைய வேண்டும். பதினான்கு பேராய்ப் பல்லைக் கடித்து நின்றோம். கடைசி நிமிடத்தில், ஆளில்லாத ஓரத்தின் வழியாகவே ஓடிவந்து நம்மை முடித்தார்கள். "சந்தோஷமா ஹவெல்? போய்த் தூங்குய்யா!" என்று மாடத்திலிருந்து கத்தினார்கள். மக்சென் எல்லார் முன்னாலும் தங்களிடம் வந்தான்.

"நீங்க என்னை நம்பலே."

"ஆமாடா. நேத்து நம்பலே, இன்னைக்கும் நம்பலே. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவன் தாங்கியிருப்பான் என்று பிரின்மோர் இன்றும் சொல்கிறார். எங்களில் பாதிப் பேர் அவர் பக்கம். தள்ளிப் பார்க்காத ஸ்க்ரம்முக்கு யாரால் தீர்ப்புச் சொல்ல முடியும்? காயம் பட்டவர்களைத் தூக்க ஓடும் எங்கள் மருத்துவ உதவியாளர் நெரிஸ் மட்டும், இந்த மடலில் தன் சார்பாக ஒரு வரி கேட்டார்: "அன்னைக்குத் தோத்துட்டோம், ஆனா நான் நிம்மதியாத் தூங்கினேன். அதை எழுதுங்க." எழுதிவிட்டோம்.

இன்று காலை கையொப்பம் வாங்க மக்செனிடமும் போனோம். முழுவதையும் நின்றபடியே படித்தான். "போட மாட்டேன். அவர்மேல நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையை உதறிக்கொண்டு பயிற்சிக்கு ஓடினான். அந்தக் கழுத்து நோகாமல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிரின்மோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பெருந்தகையீர்! நல்ல பசியும், நோகாத முழங்காலும், நனைந்து வந்தால் திட்டுவதற்கு வீட்டில் ஆளும் தங்களுக்கு என்றும் வாய்க்கட்டும்! கீழே மக்செனுக்கு இடம் விட்டிருக்கிறோம். இந்த மடலைப் போட்டிருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகைக்கு ஆணி அடிக்கவில்லை, கழற்றிக்கொள்ளலாம். அவன் கோபம் ஆறி, தங்கள் வீடு தேடி வந்து கையொப்பமிடும்வரை தாங்கள் நலமோடு வாழ வேண்டும். அவன் அவ்வளவு சீக்கிரம் ஆறுகிறவன் இல்லை.

தங்கள் மீது கோபமும் அன்பும் குறையாத
அபெர்துலன் ரக்பி கழகப் பயிற்சியாளர்கள், ஆட்டக்காரர்கள், பணியாளர்கள்