காது மட்டும் உள்ள பெட்டி

என் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி ஆகியவை இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. வயது ஐம்பத்து மூன்று. விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுகிறேன். தெருவில் மைக்செட்காரர் என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். இறந்துபோன இழுவைப் படகு ஓட்டுநர் என் உடன்பிறந்த தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்றும் அவர் என்னை மச்சான் என்றும் கூப்பிடுவது வழக்கம். விசாரணைக்கு அழைத்ததன் பேரில் நேரில் வந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். சம்பவத்தன்று தங்கை வீட்டு லேப்டாப்பில் பதிவான ஒலிப்பதிவில் என் குரலில் இருப்பதும் நான் இப்போது சொல்லப்போவதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரமாக ஒரு ரேடியோ ஸ்கேனர் இருக்கிறது. துறைமுகத்தில் படகுகளும் கட்டுப்பாட்டு அறையும் வயர்லெஸ்ஸில் பேசுவதை அது பிடித்துக் கொடுக்கும். அதில் கேட்கலாம், பேச முடியாது. வாங்கி வைத்தது மாப்பிள்ளைதான். ஸ்கேனரிலிருந்து ஒரு ஒயர் பக்கத்தில் உள்ள பழைய லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டே இன்டர்நெட்டில் அனுப்பும். மற்றப் படகுக்காரர்களின் வீட்டார் ஏழெட்டுப் பேர் தங்கள் போனில் அதைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் கரை சேர்ந்துவிட்டாரா என்று தெரிந்துகொண்டு சோற்றுக்கு அடுப்பைப் பற்ற வைக்க அது வசதி. என் தங்கைக்கு ஒரு பழக்கம் உண்டு, அந்தப் பெட்டியோடு பேசுவாள். அதில் மாப்பிள்ளை, "கன்ட்ரோல், கிளம்புறேன்" என்றால் இவள் அடுக்களையிலிருந்து, "பாத்துப் போங்க" என்பாள். "அதுக்குக் காது மட்டும்தாம்மா இருக்கு, அதோட வாயும் சேத்து உன்கிட்ட இருக்கு" என்று நான் கேலி செய்திருக்கிறேன். மாப்பிள்ளையும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கேலியை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சம்பவத்தன்று காலை தங்கை எனக்கு போன் செய்து, "அண்ணே, பெட்டி ஊமையாயிருச்சு. யாரு போன்லயும் சத்தம் வரலையாம். ஆளாளுக்கு என்னைப் போட்டுத் துளைக்கிறாங்க, வந்து பாருங்க" என்றாள். எனக்கு அன்று வேலை இல்லாததால் உடனே போனேன். முதலில் நெட்டைப் பார்த்தேன். ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டும் சிவப்பே எரிந்தது. அதன் பிறகு நெட் கம்பெனிக்கு போன் செய்ததில் பாட்டைப் போட்டுக் காக்க வைத்தார்கள். அந்தப் பாட்டு மட்டும் இரைச்சலே இல்லாமல் கேட்டது. அதன் பிறகு மேசையை நகர்த்திப் பார்த்ததில், ரூட்டருக்கு வரும் ஒயர் மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. கூடத்தைப் பெருக்க மேசையை இழுத்தபோது அப்படி ஆகியிருக்கிறது. நசுங்கிய இடத்தை வெட்டி நுனியில் வேறு பிளக் போட்டதும் விளக்கு பச்சையானது. எதிர் வீட்டு அக்காவின் கணவரும் படகில் வேலை செய்பவர். அந்த அக்கா தன் வீட்டு ஜன்னலில் நின்று போனைக் காட்டி, "லைன் வந்திருச்சு, சத்தம்தான் வரல" என்றார்.

அதன் பிறகு சத்தத்தைப் பார்த்தேன். ஸ்கேனரின் சொந்த ஸ்பீக்கர் கரகரத்துக் கரகரத்து முன்பே செத்துப்போனது. எது வந்தாலும் லேப்டாப் வழியாகத்தான் வர வேண்டும். கோளாறு ஸ்கேனரிலா, ஒயரிலா, லேப்டாப்பிலா என்று பிரித்துப் பார்ப்பதற்காக, லேப்டாப்புக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் என் ஹெட்போனைச் செருகினேன். ஸ்கேனரில் இருப்பது அந்த ஓர் ஓட்டைதான். இது என் தொழில் பழக்கம். எந்த மேடையானாலும் மைக்கின் சத்தத்தை முதலில் என் காதுக்கு மட்டும் எடுத்துப் பார்ப்பேன். ஊளையும் இரைச்சலும் என்னோடு போகட்டும், சுத்தமானது மட்டும் சபைக்குப் போகட்டும் என்பது என் கணக்கு. என் செட்டில் ஊளை கேட்டது என்று இன்றுவரை ஒருத்தர் சொன்னதில்லை.

ஒரு காதில் மட்டும் வைத்திருந்த ஹெட்போனில் துறைமுகம் நன்றாகவே பேசியது. அப்போது எதிர் வீட்டு அக்கா, "சத்தம் வந்திருச்சு! ஆனா படகு பேசல, நீங்க அண்ணனும் தங்கச்சியும் பேசுறதுதான் கேக்குது" என்று சிரித்தார். ஒயரைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகத் தன் சொந்த மைக்குக்கு மாறிவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. அதாவது அந்த நேரத்திலிருந்து லேப்டாப் பதிவு செய்ததும் வெளியே அனுப்பியதும் ஸ்கேனரின் சத்தத்தை அல்ல, கூடத்தில் நாங்கள் பேசியதை. கோளாறு ஒயரில்தான் என்பது தெரிந்துவிட்டதால், ஹெட்போனைக் காதிலேயே விட்டுவிட்டு, என் பையிலிருந்து வேறு ஒயரை எடுத்தேன்.

ஒயர் கையில் இருக்கும்போது மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "கன்ட்ரோல், கன்ட்ரோல். எஞ்சின் ரூம்ல தண்ணி ஏறுது. பம்ப்பு எடுக்கல. கேக்குதா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அலைத்தடுப்புச் சுவருக்கு வெளிப்பக்கம் இருப்பதாகச் சொல்லி மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. தங்கை எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டை அவள் மடியில் இருந்தது. பேசாதே என்று நான் கையைத் தூக்கினேன். அவளும் வாயை மூடிக்கொண்டாள். கையைத் தூக்கியது பதிவில் இருக்காது. அதன் பிறகு மாப்பிள்ளை, "வாயாடி, நீ கேட்டுட்டுதான் இருப்ப. மச்சானுக்கு போன் போட்டு கன்ட்ரோலுக்குச் சொல்லச் சொல்லு. இவங்க காதுல விழல" என்றார்.

தங்கை மெதுவாக, "என்னண்ணே, ஏதாவது வருதா?" என்று கேட்டாள். நான், "ஒண்ணுமில்லம்மா, சும்மா இரைச்சல்" என்றேன்.

பதிவில் இருப்பது இதுதான். குரல் என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஏழெட்டு வீடுகளில் போன் வழியாகவும் கேட்டிருக்கிறார்கள். படகுக் கம்பெனியார் இதைப் போட்டுக் காட்டி, ஓட்டுநர் உதவி கேட்கவே இல்லை, யாருக்கும் தகவல் தராமல் படகைக் கைவிட்டுக் குதித்திருக்கிறார், கேட்டுக்கொண்டிருந்த சொந்த மச்சானே ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். மாப்பிள்ளை கூப்பிட்டார். ஒரு தடவை அல்ல, பல தடவை கூப்பிட்டார். அதைக் கேட்டது என் காது ஒன்றுதான்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். தங்கை அலறினால் அடுத்த வார்த்தை எனக்குக் கேட்காமல் போகும் என்று நினைத்தேன். ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஒயரை மாட்டியிருந்தால் எல்லா வீட்டிலும் கேட்டிருக்கும், பதிவும் ஆகியிருக்கும். ஆனால் மாட்டுகிற நேரத்தில் அவர் சொல்வது தவறிவிடும் என்று பயந்தேன். முதலில் உதவிக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பிறகு அவளிடம் பக்குவமாகச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். இதற்கு மேல் காரணம் சொன்னால் அது இப்போது ஜோடித்தது ஆகிவிடும்.

அதன் பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்து விவரம் சொன்னேன். எடுத்தவர், "எங்களுக்கு அப்படி எந்தக் காலும் வரலையே. நீங்க எப்படிக் கேட்டீங்க? ஸ்கேனர் வெச்சிருக்கீங்களா? அதுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?" என்றார். "அதுக்கு அப்புறமா என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க சார், இப்ப அங்க ஆளு முங்குறான்" என்றேன். பார்க்கிறோம் என்று வைத்துவிட்டார். நான் போன் செய்ததற்கு அத்தாட்சி இருக்கிறது, பேசியதற்கு இல்லை என்கிறார்கள். அவர்களுக்கு ஏன் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாது, தெரியாததை நான் சொல்ல முடியாது.

உள்ளே ஓடி வந்து ஹெட்போனை மாட்டினேன். மாப்பிள்ளை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் இருப்பது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பேச வைக்கிறவன். அன்றைக்கு ஒரே ஓர் ஆளுக்கு, கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல என்னிடம் வழி இல்லை. ஸ்கேனரின் முன்பக்கம் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தேன். பேசுவதற்கு அதில் பொத்தான் கிடையாது என்று தெரிந்தேதான் தடவினேன். தங்கை, "இப்பப் பேசலாமாண்ணே?" என்று கேட்டாள். "இரும்மா" என்றேன். இதுவும் பதிவில் இருக்கும்.

அப்போது மாப்பிள்ளை கடைசியாகச் சொன்னது: "தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு. வாயாடி, நீ பதில் சொல்லிட்டுதான் இருப்ப. எனக்குத்தான் கேக்கல."

அதன் பிறகு இரைச்சல் மட்டும் வந்தது. வெகு நேரம் வைத்திருந்தேன், வேறெதுவும் வரவில்லை. அதன் பிறகு ஹெட்போனை எடுத்துவிட்டுப் புது ஒயரை மாட்டினேன். எல்லோருடைய போனிலும் துறைமுகத்தின் சத்தம் சுத்தமாகப் போனது. எதிர் வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "அவர் குரலையே காணோமேண்ணே" என்று தங்கை கேட்டதற்கு, "தூரத்துல இருப்பாரும்மா" என்றேன். மதியத்துக்கு மேல் தடுப்புச் சுவருக்கு வெளியே படகு முங்கிக் கிடப்பதை வேறொரு படகில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் உடல் கிடைத்தது. அடையாளம் காட்டியது நான்.

அன்று ஹெட்போனில் கேட்டதை இதுவரை நான் தங்கையிடம் சொல்லவில்லை. தினமும் சொல்லத்தான் போவேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்போது அவள் இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டியது முறை என்று அதிகாரி சொன்னார். கதவைச் சாத்த எழுந்த காவலரிடம், சாத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

எழுதியது முழுவதும் கதவு திறந்திருக்கப் படித்துக் காட்டப்பட்டது. மாப்பிள்ளை கடைசியாகச் சொன்ன இடத்தைப் படித்தபோது, வெளியே இருந்து என் தங்கை, "கேக்குதுங்க" என்றாள். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதப்பட்டது. நான் சொன்னபடியே எல்லாம் இருக்கிறது, கூட்டியதோ குறைத்ததோ இல்லை, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)
மைக்செட்காரர்