வாத்தியாரின் ஆக்ஸிஜன் எழுபத்தாறு

ஹலோ... ஹலோ... ஆங், நான்தான்... கேக்குது, கேக்குது, நீ மெதுவாவே பேசு... வண்டியில இருக்கேன்... இல்லம்மா, ஓட்டல. இப்ப யாருக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறது? கொரோனான்னு டிரைவிங் ஸ்கூலப் பூட்டி எத்தன மாசமாச்சு! வாசல்ல நிக்கிற வண்டிக்குள்ள சும்மா உக்காந்திருக்கேன்... எதுக்கா? வீட்டுக்குள்ள பேசினா வாயாடி வக்கீல், நம்ம பொண்ணு காதுல விழும்... ஆமா... ஆமா, கண்ணாடிய ஏத்தித்தான் வச்சிருக்கேன். வாத்தியார் சீட்டுலதான். பழக்கதோஷம். பக்கத்துல ஸ்டீயரிங் முன்னாடி யாருமே இல்ல, நான் பாட்டுக்குக் கைய ஆட்டி ஆட்டிப் பேசிட்டிருக்கேன். எதிர்வீட்டம்மா ஜன்னல்ல நின்னு பாக்குது. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நினைச்சிருக்கும். நினைச்சுக்கட்டும், அதுல தப்பில்ல.

சரி, நீ சொல்லு. சாப்டியா?... இப்பத்தானா? வார்டுல அவ்ளோ கூட்டமா?... ம்... ம்... சரி, அதப் பேச வேண்டாம்னா வேண்டாம்... என்ன மெசேஜ்?... உனக்கும் அனுப்பிட்டாளா? ‘நான் இங்கயே படிக்கறேன், முடிவு பண்ணிட்டேன், யாரும் எதுவும் பேச வேண்டாம்.’ அதானே?... எனக்கும் அதேதான். பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டு எனக்கும் மெசேஜ்தான். பெத்த பொண்ணுகிட்டேர்ந்து நோட்டீஸ் வர்ற மாதிரி வருது...

ஏய், கத்தாத... கத்தாதம்மா. நீ கத்தறப்பல்லாம் என் கால் தானா வாத்தியார் பக்கத்து பிரேக்க அமுக்குது... தெரியும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும், தெரியும். சொல்லலன்னா அந்த இடம் வேற பிள்ளைக்குப் போயிடும், அதுவும் தெரியும். கடலப் பத்திப் படிக்கணும்னு எட்டாம் வகுப்புலேர்ந்து உயிர விட்டவ, அவ்ளோ தூரத்துல, கேட்ட இடத்துலயே கேட்ட படிப்பு கிடைச்சிருக்கு. அத விட்டுட்டு நாலு ஸ்டாப் தள்ளி இருக்கற காலேஜ்ல கணக்குப்பதிவு படிக்கறாளாம். கணக்குன்னாலே காத தூரம் ஓடறவ!... நான் ஒண்ணும் சொல்லல... நான் எதுவுமே பண்ணல... அந்தப் புத்தகமா? அது வேற கதைம்மா. அது அப்பவே முடிஞ்சு போச்சு.

...அவ சொல்லிட்டாளா? சொல்லியிருப்பா. சரி, ஆமா, கழுவினேன். அந்த யுனிவர்சிட்டிலேர்ந்து தபால்ல புத்தகம் வந்துது. எத்தன கை மாறி வந்துதோன்னு ஒரு பயம். சோப்பு போட்டுக் கழுவிட்டேன்... புத்தகத்தத்தான். தக்காளியக் கழுவலாம், புத்தகத்தக் கழுவக் கூடாதுன்னு அந்த நேரத்துல தோணல. பக்கமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பாவம், ராத்திரி வரைக்கும் முடி காய வைக்கிற மெஷின வச்சு ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சா. ஹாஸ்டல் பக்கம் மட்டும் வரவே இல்ல... சிரி, நல்லாச் சிரி. நீ சிரிச்சுக் கேட்டு எவ்ளோ நாளாச்சு. இதுக்காகவே இன்னும் ரெண்டு புத்தகம் கழுவலாம்.

இல்ல, அதுக்காக அவ மனசு மாறல... எப்பிடித் தெரியும்னா... தெரியும்... மென்னு முழுங்கலம்மா... சரி, சொல்றேன். ஆனா நீ ஒரு நர்ஸா கேக்கணும். பொண்டாட்டியா கேக்காத... ரெண்டும் ஒண்ணுதானா? அப்ப நான் செத்தேன்.

முந்தாநேத்து... அந்த விரல்ல மாட்டற கருவி இருக்குல்ல, ஆக்ஸிஜன் பாக்கறது?... ஆமா, மணிக்கொரு தடவ பாக்கறேன். இருக்கட்டும், எனக்கு ஆஸ்துமாம்மா, பாக்க வேண்டாமா? சத்தமாத்தான் சொல்றேன். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரின்னு அவளும் கிண்டல் பண்றா. ‘தொண்ணூத்தேழு!’, ‘தொண்ணூத்தாறு!’ன்னு வீடு முழுக்க ஒலிபரப்பு. கேளு, அந்தப் பழைய கருவி மக்கர் பண்ணிச்சு. மருந்துக் கடைக்காரர் வேற ஒண்ணு குடுத்தார். அது வேற கம்பெனி. பழசுல மேல ஆக்ஸிஜன், கீழ நாடித்துடிப்பு. இதுல ரெண்டும் இடம் மாறியிருக்கு. வேற வண்டியில ஏறினா இண்டிகேட்டர் போடறேன்னு வைப்பரப் போடுவோமே, அந்த மாதிரி... ஆமா... ஆமா... நீ புத்திசாலி, அதுக்குள்ள புரிஞ்சுக்கிட்ட. நான் நாடித்துடிப்பப் பாத்துட்டேன்.

எழுபத்தாறு.

...கத்தினேன். கத்தாம? எழுபத்தாறு ஆக்ஸிஜன்ல ஒருத்தன் எப்பிடிச் சும்மா இருப்பான்? பாத்ரூம் வாசல்ல நின்னு ‘எழுபத்தாறு, எழுபத்தாறு’ன்னு அலறினேன். அப்பறம் கீழயே உக்காந்துட்டேன்... ஆமா, ஆக்ஸிஜன் எழுபத்தாறா இருக்கறவன் அவ்ளோ சத்தமா அலற மாட்டான். அது இப்ப எனக்கும் தெரியுது, சிஸ்டரம்மா. அப்பத் தெரியல. அவ ஓடி வந்து பாத்தா. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. தண்ணி குடுத்தா, முதுகத் தடவினா. தூங்கற வரைக்கும் பக்கத்துலயே இருந்தா. மறுநாள் காலையில மெசேஜ். இங்கயே படிக்கறேன்னு. இதுக்கு மேல துப்பறிய என்ன இருக்கு? தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. இந்தத் தவளை தன் வாயால பொண்ணு படிப்பையே கெடுத்திருக்கு.

...அன்னிக்கே தெரிஞ்சுது. ஒரு அர மணி நேரத்துல. கண்ணாடியப் போட்டுக்கிட்டு மறுபடி பாத்தேன், கீழ தொண்ணூத்தெட்டுன்னு ஜம்முனு உக்காந்திருக்கு... அவகிட்டயா?... சொல்லல... வெக்கம்னு வச்சுக்கயேன்... ரெண்டு நாளா வெக்கமான்னா... எழுந்து அவ ரூம் கதவு வரைக்கும் போவேன், திரும்பி வந்துடுவேன்... சும்மா இரு, சொல்றேன். நீயே எல்லாத்தையும் கேட்டுட்டா நான் எப்பச் சொல்றது?

உண்மையச் சொன்னா அவ போயிடுவாம்மா.

...ம். நீ அந்த நர்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போனப்பறம் இந்த வீட்ல ஒரே சத்தம் அவதான். கதவ அறையறது, போன்ல சிரிக்கறது, நான் சொல்ற ஒவ்வொண்ணுக்கும் எதிர்க்கேள்வி கேக்கறது. வேலையும் இல்ல. அவளும் போயிட்டா நான் யார்கிட்ட ஆக்ஸிஜன் எண்ணப் படிச்சுக் காட்டுவேன், சொல்லு? தப்புன்னு தெரியுது. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ‘கால எடுங்க, வண்டி தானாப் போகும்’னு சொல்லிக்குடுத்தவன், சொந்தப் பொண்ணு வண்டிக்கு மட்டும் பிரேக்க மிதிச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன். கேவலமா இருக்கு... திட்டு... ஏன் திட்ட மாட்டேங்கற? நீ திட்டினாக்கூட பரவால்ல... ம்... ம்... சரி. இப்பவே போறேன். உள்ள போய் எல்லாத்தையும்... ஐயோ, வர்றா.

வக்கீல்தான். வாசல்லேர்ந்து நேரா இங்கதான் வர்றா... வைக்காத, வைக்காத. எனக்குத் தைரியத்துக்கு நீ இரு. ஸ்பீக்கர்ல போடறேன்.

என்னடா கண்ணு?... அம்மாதான் லைன்ல... எதுக்கு வண்டியிலயா? சும்மா, பேட்டரி இறங்காம இருக்க... ஏறு. அந்தப் பக்கம் ஏறு... உனக்கு ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளு. முந்தாநேத்து எழுபத்தாறுன்னு கத்தினேன்ல? அது ஆக்ஸிஜன் இல்ல. நாடித்துடிப்பு. எனக்கு ஒண்ணும் இல்ல. கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன். எனக்காக நீ இங்க... என்னது?... தெரியுமா?

எப்பத் தெரியும்?... அன்னிக்கேவா?... கேட்டியாம்மா? இவளுக்கு அன்னிக்கே தெரியுமாம்... ஏன்டி சொல்லல?... நான் சங்கடப்படுவேன்னா? ரெண்டு நாளா நான் இங்க செத்துச் செத்துப் பொழைக்கறேன்... அப்ப எனக்காக இல்லியா? என் நெஞ்சுக்காக நீ படிப்பத் தியாகம் பண்ணலியா?... கொஞ்சங்கூட இல்லியா?... ஓ... சரி... இல்ல, சந்தோஷம்தான். உங்கப்பன் ரெண்டு நாளா தன்னை ஏதோ பெரிய ஆளா நினைச்சுக்கிட்டான், அவ்ளோதான்.

அப்பறம் ஏன்?... சொல்லு... அந்தக் கருவி எண்ணு இடம் மாறியிருக்குன்னு உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?... நீ போட்டுப் பாத்தியா? நீ எதுக்கு?... நெஞ்சு படபடன்னா?... தினமுமா?... மூச்சு வாங்குதா? ஜுரம் இருக்கா? ஏம்மா, இவளுக்கு... சரி, நான் வாய மூடறேன். நீயே கேளு, உனக்குத்தான் கேக்கத் தெரியும்...

...

...அம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லு கண்ணு. வேலை செய்யறப்பவும் வருதா, படுத்தா மட்டுமா?... படுத்தா மட்டும்தானாம்... அந்தப் பக்கம் பாக்காத. இங்க பாரு. படுத்தா என்ன தோணுது?... ம்... நீ அங்க இருக்கறப்போ... ம்... அம்மாவுக்கு...

...

கேட்டுச்சாம்மா?... அழறா... கேட்டுச்சா? நீ அந்த வார்டுல இருக்க, இவ அவ்ளோ தூரத்துல இருக்கறப்போ உனக்கு ஏதாவது ஆயிட்டா வர முடியாதேன்னு. பஸ் இல்ல, ரயில் இல்ல, விட மாட்டாங்கன்னு. அதான். அவ்ளோதான் விஷயம்... நான் ஒரு மடையன். பக்கத்து ரூம்ல பிள்ளை நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கு, நான் என் நாடித்துடிப்ப ஒலிபரப்பிக்கிட்டு இருந்திருக்கேன்... நீ பேசு. நான் பேசல. நான் பேசினா ஏதாவது கழுவிடுவேன்.

...ம்.

...ஆமா, அம்மா சொல்றது சரிதான். ரெண்டு தடுப்பூசியும் போட்டாச்சு அவளுக்கு... ஆமா. பொய் சொல்ல மாட்டா. அவ நர்ஸு, நான்தான் டிராமா... ‘எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது’ன்னு ஏன்மா சொல்ற? பிள்ளைகிட்ட... சரி, சரி. அவளுக்கே அதுதான் பிடிச்சிருக்குபோல. தலைய ஆட்டறா.

என்கிட்டயா கேக்கற? நான் என்ன நினைக்கறேன்னா?... என்னைக் கேக்காத கண்ணு. இந்த விஷயத்துல நான் சொல்றத நீ நம்பவே கூடாது. எனக்கு நீ இங்கயே இருக்கணும். நாலு ஸ்டாப் தள்ளி, சாயங்காலம் வந்து கதவ அறைஞ்சுக்கிட்டு. அதான் என் ஆசை. அதுக்கு என்ன காரணம் வேணும்னாலும் சோடிப்பேன். பயந்துக்கிட்டே வண்டியில ஏறினவங்களப் பத்தி ஒரு நல்ல பேச்சு இருக்கு, இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன்... கேட்டிருக்கியா? மனப்பாடமா? அப்ப விடு.

என்னம்மா?... கேக்கறேன். அம்மா கேக்கறா: அம்மா இப்ப வீட்ல, சமையல்கட்டுல, ஒண்ணும் ஆகாம நின்னுட்டிருந்தா எத எடுத்திருப்ப?... யோசிக்காம சொல்லு...

...கடல்னு சொல்றாம்மா.

கேட்டுச்சுல்ல? மெதுவாத்தான் சொன்னா, ஆனா சொல்லிட்டா... சரி. அப்ப போன எடு. மணி என்ன?... ஐயோ, சீக்கிரம்... சம்மதம்னு அழுத்து... நான் அழுத்தல, என் கைய நான் தொடையில வச்சிருக்கேன், பாத்துக்க... சுத்துதா?... சுத்துதாம்மா, ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் இப்பத்தான் அழுத்தும்போல... ஜன்னலுக்கு வெளிய காட்டு, சிக்னல் வரும்... எதிர்வீட்டம்மா இன்னும் பாக்குது... பாக்கட்டும்... என்ன?... வந்துடுச்சா? என்ன எழுதியிருக்கு?... ‘உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது.’

...உறுதியாயிடுச்சும்மா.

ஆமா... ஆமா... கடல்தான்... ஆமா. என்னைக் கட்டிப் புடிச்சிட்டா. மூச்சு முட்டுது, இது நிஜமாவே... சும்மா சொன்னேன்டி. போ, போய் உன் சிநேகிதிகிட்ட சொல்லு... ராத்திரி படபடன்னு வந்தா என்னை எழுப்பு. கருவி வேண்டாம். எழுப்பு. நான் எப்பிடியும் முழிச்சுத்தான் இருப்பேன்... போ.

போயிட்டா... ஓடறா. கதவ அறைஞ்சிட்டா, கேட்டியா?... ஸ்பீக்கர எடுத்துட்டேன், நான் மட்டும்தான்... ஆமா... நல்லதுதான் நடந்துது. நான் கெடுத்தும் நல்லதாவே முடிஞ்சுது... ம்... உனக்குக் குரல் ஏன் இப்பிடி இருக்கு?... சரி, மாஸ்க்குக்குள்ள பேசறதால. சரி.

ஒண்ணு கேக்கறேன்... இல்ல, அவளப் பத்தி இல்ல... நீ எப்ப வீட்டுக்கு வருவ?

...ம். தெரியாது. போன வாரமும் அதான் சொன்ன... இல்லம்மா, குத்திக் காட்டல. சும்மா கேட்டேன். அவ பயப்படறதத்தான் நானும் உன்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா... யாரு கூப்பிடறாங்க? உன்னையா? போ, போ, ஓடு... மாஸ்க்க சரியா இழுத்து... தெரியும், உனக்குத் தெரியும், நான் சொல்லித்தான் ஆகணும்... ஏய், ஒரு நிமிஷம், வச்சிடாத, எனக்கும் ராத்திரியில படபடன்னு... ஹலோ?

ஹலோ?

...வச்சிட்டா.