எரியாமல் நின்ற ஏடுகள்

அவைக்கு அணி செய்யும் தலைவர் அவர்களே, அறிவில் மூத்த ஆன்றோரே, அன்பால் எங்களை ஆளும் தாய்மார்களே, இடமின்றிப் படிக்கட்டில் நிற்கும் இளையோரே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, வணக்கம்.

இன்று திறக்கும் இந்த நூலறை, ஒரு பல் மருத்துவர் சேர்த்த செல்வம். அடிமை வாணிபத்தை எதிர்த்தவர்கள் அச்சிட்ட நூல்கள், ஆதரித்தவர்கள் அச்சிட்ட நூல்கள், ஏலத் துண்டறிக்கைகள்! நோயாளிகள் காத்திருக்கும் அறையிலேயே அவற்றை அந்த அம்மையார் அடுக்கினார். பல்வலியோடு போனவர்கள் நெஞ்சுவலியோடு திரும்பினோம். சிரியுங்கள், அவரும் சிரிப்பார்.

ஒரு துண்டறிக்கை சொல்கிறது: ‘தாய் ஒருத்தி, நன்றாகச் சமைப்பாள். கைக்குழந்தை தனியாக விற்கப்படும்.’ தாய்மார்களே, தனியாக! பெற்றவளுக்கு ஒரு விலை, பிள்ளைக்கு ஒரு விலையா? பால்மணம் மாறாத வாய்க்கும் ஏலமா?

அந்த மருத்துவத் தங்கையோடு தங்கியிருந்த நம் அண்ணன், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதைப் படித்தார். மறுநாள், அந்தக் கொடுமையை நியாயப்படுத்திய நூல்களை அள்ளிக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் தீக்குச்சி கிழித்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார் தங்கை.

“இந்தப் பாவத்தை ஏம்மா வீட்ல வச்சிருக்கே?” என்றார் அண்ணன்.

“இதை எழுதினவங்க தங்களோட பேரை எவ்வளவு பெருமையா அச்சடிச்சிருக்காங்க பாருங்கண்ணா. வித்த குழந்தைக்குப் பேரே இல்லை. எரிச்சுட்டா, யாரும் இப்படிச் சொல்லவே இல்லைன்னு நாளைக்குச் சாதிப்பாங்க.”

அண்ணன் குச்சியை ஊதி அணைத்தார். ஆனால் அந்த அலமாரிப் பக்கம் மீண்டும் திரும்பவே இல்லை.

பிறகு நோய் வந்தது. மருத்துவருக்கு மருந்து பலிக்கவில்லை. இந்த அறையைக் காணாமலே கண் மூடினார். வீடு அண்ணன் கையில், நூல்களும் அண்ணன் கையில், தடுக்க ஆளில்லை. என்ன செய்தார்? எரித்தாரா? எறிந்தாரா? ஒவ்வொரு நூலையும் தங்கையின் துணிகளில் சுற்றி, தாமே சுமந்து வந்து இங்கே இறக்கினார். ஆதரித்த நூல்களை மறைவாக வைக்கலாமா என்று நூலகர் கேட்டார். அண்ணன் சொன்னார்:

“அந்த ஏல நோட்டீஸுக்கு நேர் எதிர்ல வைங்க. அவ இருந்தா அங்கதான் வச்சிருப்பா.”

வேண்டாம், கைதட்டாதீர்கள். அண்ணன் அழுகிறார்.

பெருமக்களே, அந்தத் தாயை ஆற்ற முடியுமா? அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க முடியுமா? முடியாது. படிக்க முடியும்! படித்ததைப் பக்கத்து வீட்டில் சொல்ல முடியும்! நடக்கவில்லை என்பவன் முகத்துக்கு நேரே இந்த ஏட்டை நீட்ட முடியும்! அதையாவது செய்வோம்.

கனத்த நெஞ்சோடு காது கொடுத்த உங்களுக்கும், துயரத்தைத் தோளில் சுமந்து வந்த அண்ணனுக்கும் நன்றி சொல்லி, மறைந்த அம்மையாரை வணங்கி அமர்கிறேன்.