அவளுக்கு ஏற்ற கம்ப்யூட்டர்

குறைந்த செலவில் கம்ப்யூட்டர் கேட்டு வருகிறவர்களிடம், புதுசுக்கு ஆசைப்படாதீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். கணக்கு எழுத, பெரிய ஆபீஸ்கள் கழித்துக்கட்டிய பெட்டியே தாராளம். உன் அக்காவுக்கும் அப்படித்தான் பார்த்து வாங்கினேன், மச்சான். கட்டின மனைவியிடம் கடைக்காரன் புத்தியைக் காட்டவில்லை. நேற்று அதைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏன் செத்த பேட்டரி என்று கேட்டாய். சொல்கிறேன்.

வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதப் போகிறேன் என்று அவள் சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். மருந்துக் கடை, பெயின்ட் கடை, பேக்கரி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. போனில் அவள் சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்கும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடத் தொடங்கினால், போனில் இருக்கும் கடைக்காரரிடம், "இதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதாங்க, எழுப்பினா எந்திரிக்க அரை மணி நேரம்" என்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள், "கடைத்தெருவுல ஒரு ரூம் பார்த்திருக்கேங்க. போர்டு மாட்டிடலாமா?" என்றாள். மாட்டலாமே என்றேன். நான் வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும் என்பது மட்டும்தான் யோசனையாக இருந்தது.

அன்றைக்கே நல்ல பேட்டரியை எடுத்துவிட்டுச் செத்ததைப் போட்டேன். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அது செத்துவிட்டால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். இன்டர்நெட் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். தண்டச் செலவு என்று இன்டர்நெட்டையும் நிறுத்தினேன். கணக்கு மென்பொருளையும் மலிவானதாக மாற்றிக் கொடுத்தேன். எந்தத் தேதியைப் போட்டாலும் அது ஏன் என்று கேட்காது. யார் திருத்தினார்கள் என்று பதிந்துவைக்காது.

மருந்துக் கடைக்காரர் முதலில் வேடிக்கையாகத்தான் கேட்டார். "ஏம்மா, நாங்க கடையே திறக்காத வருஷத்துல இருமல் மருந்து வித்திருக்கோமே?"

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு தேதியைப் பார்த்துப் பார்த்துப் போட ஆரம்பித்தாள். அதனால், அவள் குளிக்கும் நேரத்தில் பெயின்ட் கடை பில்களை பேக்கரி கணக்குக்கு நான் மாற்றிவைக்க வேண்டியதாயிற்று.

"சரியாத்தாங்க போட்டேன். போட்ட மாதிரிதான் ஞாபகம்."

உங்கள் அம்மா கடைசியில் பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டது உனக்குத் தெரியும். "அத்தைக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது" என்றேன். ஒரே ஒரு தடவைதான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். ஞாபகத்தில் கோளாறு எதுவும் இல்லை, மனச்சோர்வுதான் என்றார். அவள் நம்பவில்லை. உண்மையை அவர் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். நான் மறுக்கவில்லை.

இப்போது அடுப்பை அணைத்தோமா, சாப்பிட்டோமா என்பதைக்கூட என்னைக் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்கிறாள். நேற்று நீ வந்து நின்றபோது அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தாயா? உன் தம்பிதான் என்று நான் தலையசைத்த பிறகுதான் உன் கையைப் பிடித்தாள்.

அவளைக் கூட்டிப்போகிறேன் என்கிறாய். கோபத்தில் பேசுகிறாய், மச்சான். இந்த நிலைமையில் இருப்பவளை என்னைத் தவிர வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?